கடை மாவும் ஒன்றேகால் மணி நேரமும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் 'நலம்' என்று எழுதி முடித்துவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. போன் வேண்டாம், உன் குரலுக்குப் பின்னால் இந்த வீட்டுச் சத்தமும் சேர்ந்து கேட்கும், வேண்டுமானால் கடிதம் போடு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் எழுத ஒரு சாக்குக் கிடைத்தது.

சாக்கு, உங்கள் ஆப்பிள் பேஸ்ட்ரி. போன வாரம் அப்பா, "அவ போனதுலேருந்து ஞாயித்துக்கிழமைன்னே தெரிய மாட்டேங்குது" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்பது வருடம் அந்தச் சமையலறைக்கு வெளியே காவல் நின்றவள் நான். ஞாயிறு மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறப்பீர்கள். காற்றுப் பட்டால் மாவு கெட்டுவிடும், யாரும் உள்ளே வரக் கூடாது என்பீர்கள். உள்ளேயிருந்து கட்டையால் மாவை அடிக்கும் சத்தம் மட்டும் வரும். தண்ணீர் குடிக்க வந்த அப்பாவையே விரட்டியிருக்கிறேன்.

அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். பத்து அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி பத்து அடி. மைதாவும் வெண்ணெயும் பிசைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதே கணக்கில் இரண்டு மணி நேரம் அடித்தேன். வந்தது செங்கல். அப்பா கடித்தார், பல்செட் பேஸ்ட்ரியோடு நின்றுவிட்டது, அப்பா மட்டும் பின்னால் வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற புத்தியோடு அண்ணன், "லிஃப்டுக்கு எதிர் எடை போட ஆவும், எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றான். கேலி செய்ய மட்டும் அவனுக்கு வாய் திறக்கும்.

எப்படிச் செய்வீர்கள் என்று எழுதுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான், நீங்கள் இன்னும் போடவில்லை என்று தெரியும். போடாதீர்கள் அண்ணி. ஒரு நாள்கூடச் சண்டை போடாத இரண்டு பேர் ஏன் பிரிய வேண்டும் என்று என் மூளைக்கு எட்டவேயில்லை.

உங்கள்
பூதக்கண்ணாடி


ஜனவரி 20

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு நான் வைத்த பட்டப்பெயரை நீயே கையெழுத்தாகப் போட்டுக்கொள்கிறாய். சந்தோஷம். உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். பல்செட் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரி, "ரத்த சாம்பிள்ல அப்படி என்ன காமெடி?" என்று கேட்டாள்.

மைதாவை மறந்துவிடு. நான் ஒரு நாளும் மாவு பிசைந்ததில்லை. அது கடை மாவு. பெரிய கடைகளில் ஃப்ரீசர் பெட்டியில் தட்டையாக, பாக்கெட்டில் இருக்கும். அட்டையில் மடிப்பு மடிப்பாக ஒரு படம் போட்டிருக்கும். முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடு. ஆப்பிளைச் சின்னதாக நறுக்கி, சர்க்கரை, கொஞ்சம் பட்டைத்தூள், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு வதக்கி நன்றாக ஆற வை. இதை நான் காலையிலேயே முடித்துவிடுவேன். மாவைச் சதுரமாக வெட்டு, நடுவில் ஒரு கரண்டி ஆப்பிள், முக்கோணமாக மடி, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்து. மேலே கத்தியால் ஒரு கீறல். பால் தடவி, ஓவனில் நல்ல சூட்டில் இருபத்தைந்து நிமிடம். மாவுக்கு இடையில் பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதை எடுத்துவிடு. உன்னை நம்ப முடியாது, அதனால் சொல்கிறேன்.

கட்டைச் சத்தமா? வெறும் பலகையில் தட்டினேன். வெளியே நம்ப வேண்டுமே.

காகிதம் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கையெழுத்துப் போடவும் கை வரவில்லை, கிழிக்கவும் மனசு வரவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்கு.

பிரியத்துடன்
அண்ணி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சரிடம் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா? "எங்க அண்ணி கடையில வாங்கவே மாட்டாங்க, ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே மாவு அடிப்பாங்க" என்று. வெறும் பலகையாம். என்னை இப்படி முட்டாளாக்கியிருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் கோபத்தை ஆர்வம் தின்றுவிட்டது. பாக்கெட் வாங்கினேன். வெட்டிய ஓரத்தைக் கடை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அண்ணி, உள்ளே எத்தனை மடிப்பு. நாற்பது வரை எண்ணினேன், அதற்குள் வெண்ணெய் இளகி எல்லாம் ஒட்டிக்கொண்டது. சூட்டில் அதிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்குகிறது என்று புரிந்துகொண்டேன், சரிதானே? கீறல் எதற்கு என்று பார்க்க மூன்றில் போடாமல் விட்டேன். மூன்றும் வயிறு வெடித்து ஓவன் முழுக்க ஆப்பிள் பாகு. மற்றதெல்லாம் அசல் உங்கள் கைப்பக்குவம், அதாவது கடைக்காரன் கைப்பக்குவம். அப்பா நாலு சாப்பிட்டார். அண்ணன் மூன்று சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்றான்.

பிறகுதான் பொறி தட்டியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். காலையிலேயே ஆப்பிள் தயார் என்றால், வெட்டி மடித்துச் சுட்டு எடுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆகவில்லை. நீங்கள் கதவைச் சாத்தியது இரண்டு மணி நேரம்.

மீதி ஒன்றேகால் மணி நேரம் உள்ளே என்ன செய்தீர்கள்? பதில் வரும்வரை எனக்கு லென்ஸெல்லாம் கோணலாகத்தான் தேயும்.

உங்கள்
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 6

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

ஒன்பது வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீதான். கேட்டதால் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் செய்யவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அலமாரியில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். சோம்பேறி என்று நினைத்துவிடப் போகிறீர்களே என்று அவ்வப்போது பலகையில் தட்டுவேன்.

மூன்றாம் வருடம் ஆய்வகப் பயிற்சிக்குத் தபால் வழியில் சேர்ந்தேன். புத்தகங்கள் காலி சர்க்கரை டின்னுக்குள் இருந்தன. ஞாயிறுக்கு ஒரு பாடம். செய்முறை வகுப்புக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பத்துப் பத்து நாள் போய் வந்தேன். திரும்பி வந்தால் உன் அண்ணன் பையை வாங்கி உள்ளே வைப்பார். அக்கா எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்டதில்லை. இரண்டு தடவை தேர்வில் தோற்றேன். இரண்டாவது தடவை முடிவு வந்த அன்று பேஸ்ட்ரி தீய்ந்துவிட்டது. அவர் கருகின ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். ஏன் தீய்ந்தது என்று கேட்கவில்லை.

மறைத்தது தப்புதான். முதலில் வெட்கம். அப்புறம், யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு பிடிவாதம். கடைசியில் வேலைக்கு உத்தரவு வந்தது. சாப்பிடும்போது சொன்னேன், "எனக்கு வேற ஊர்ல ஆய்வகத்துல வேலை கிடைச்சிருக்கு." அவர், "அப்படியா, நல்லது, போயிட்டு வா" என்றார். என்ன படித்தாய், எப்போது படித்தாய், ஒன்றுமில்லை. மோர் இருக்கா என்றார்.

அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் ஒரு லிஃப்ட் லேசாக முனகினால் மூன்று நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிற மனுஷன் அவர். அதுதான் தாங்கவில்லை. ஊரில் யாரிடம் சொன்னாலும் இதெல்லாம் ஒரு காரணமா என்பார்கள். நீ சொல்ல மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன்னை ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள். நீ வாசலில் நின்று எல்லோரையும் விரட்டியதால்தான் நான் பாஸ் செய்தேன்.

அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையின் பின்கட்டில் நின்று படித்தேன். அழுதேன். தேய்க்கிற தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார், பாவம். வாசலில் நின்ற எனக்கே ஒன்பது வருடமாகக் கேட்கத் தோன்றவில்லையே என்றுதான் அழுதேன்.

ஆனால் ஒரு பெரிய சேதி. படிப்பு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மாவு விஷயத்தை மட்டும் ஞாயிறன்று போட்டு உடைத்தேன். "அண்ணி செஞ்சது கடை மாவு, தெரியுமா?" என்றேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் நிறுத்தவில்லை. "தெரியுமே" என்றான்.

"எப்போலேருந்து?"

"மொத வருஷமே. குப்பைக் கூடையில கவரைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"என்னத்த சொல்றது? அவளா கதவைச் சாத்திக்கிறா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அண்ணி, அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு தடவை அப்பா எனக்குப் பயப்படாமல் கதவைத் தள்ளப் போனபோது, அண்ணன்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான், ஞாபகம் வருகிறது. அது அன்பு இல்லாமல் வேறென்ன? நீங்கள் கேட்கவில்லை கேட்கவில்லை என்கிறீர்கள், அவன் கேட்காமலேயே கொடுத்திருக்கிறான். போடாதீர்கள் அண்ணி. தயவுசெய்து.

உங்கள்
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 25

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நாலு தடவை படித்தேன். அன்றைக்கு எந்தச் சாம்பிளிலும் கண் நிற்கவில்லை. ஒருத்தருடைய அறிக்கையை இரண்டு தடவை எழுத வேண்டியதாகிவிட்டது.

தெரிந்தும் கதவைத் தட்டாமல் இருந்தது, என்னை விட்டுக்கொடுக்காததாலா, நான் உள்ளே என்ன செய்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்பதாலா? எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதமாகக் கல்லாக இருந்த மனசு கொஞ்சம் ஆடிவிட்டது. உன்னிடம் மறைப்பானேன்.

ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி வேறு ஏதோ செய்துகொண்டிருந்தாள், அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவரிடம் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காதே. 'உள்ளே என்ன பண்ணிட்டிருந்தே?' என்று அவராக, அவர் கையால் ஒரு வரி எழுதினால் போதும். தப்புத் தப்பாக எழுதினாலும் சரி. அன்றைக்கே இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறேன். வேலையை விட மாட்டேன், அதை எப்படிச் சமாளிப்பது என்று அப்புறம் பேசிக்கொள்வோம்.

காத்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

பேஸ்ட்ரி அன்றைக்கு அவ்வளவு நன்றாக வந்தது. மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதமும் பேனாவும் வைத்தேன். நீங்கள் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்துக் கூடுதலாகச் சொல்லவில்லை. "அண்ணி கதவைச் சாத்திக்கிட்டு வேற ஏதோ செஞ்சுக்கிட்டு இருந்தாங்கண்ணா. அவங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றேன்.

அண்ணன் அலட்சியமாகப் பதில் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்தான். "நல்லா இருக்காளா?" என்றான்.

"நல்லா இருக்காங்க."

"அப்புறம் கேக்க என்ன இருக்கு?"

இன்னும் நேரம் இருக்கிறது, நினைத்துக்கொள்வான் என்று உட்கார்ந்திருந்தேன். அடுத்த தட்டுப் பேஸ்ட்ரி ஓவனில் இருந்தது. திடீரென்று தலையைத் தூக்கினான். எழுந்து போய் ஓவன் கதவில் காதை வைத்தான். "இது எப்போலேருந்து இப்படிச் சத்தம் போடுது? என்ன ஆச்சு இதுக்கு?" என்று அடுக்கடுக்காகக் கேட்டான். ஆறியதும் பின்பக்கத்தைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்ன விசிறி. நான் வைத்த காகிதத்தில் அதன் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான்.

ஒரு வாரம் பொறுத்தேன். தினமும் ஒரு புதுக் காகிதம் வைத்தேன். தினமும் அது வெறுமையாகவே இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை அண்ணி. எனக்குக் கோபம்கூட வரவில்லை, துக்கம்தான் வந்தது. ஒன்பது வருடம் நீங்கள் எப்படிப்பட்ட ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அந்த ஒரு சாயங்காலத்தில் பார்த்துவிட்டேன். இதெல்லாம் ஒரு காரணமா என்று இனி யாராவது கேட்டால், ஆமாம் என்று நான் சொல்வேன். போடாதீர்கள் என்று எழுதிய இதே கையால் எழுதுகிறேன், கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

போட்ட பிறகும் நீங்கள் எனக்கு அண்ணிதான், அதை எந்த வக்கீலும் மாற்ற முடியாது. அடுத்த ஞாயிறு பஸ்ஸில் வருகிறேன். ஒரு சொட்டு ரத்தத்தில் என்னென்ன தெரியும்? தோற்ற அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் எப்படித் தூங்கினீர்கள்? பாஸான அன்றைக்கு என்ன செய்தீர்கள்? எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

உங்கள்
பூதக்கண்ணாடி