மூன்று சுவருக்கு நீலம்

மூவார், மலேசியா
4 மார்ச் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சந்திரமதி எழுதுகிறேன். மூட்டுவலி குறைந்ததா? என் கைப்பேசி உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். உங்கள் பேத்தி தேன்மொழி நன்றாகப் படிக்கிறாள்.

இவர் வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடப்போகிறார். குளியலறைக்கு அந்தக் காலத்து நீலம்தான் வேண்டுமாம், இங்கே பழைய கடைவீடுகளில் இருக்கிற மாதிரி. சாயக்கடையில் அந்த நிறம் ஒரு டின் முந்நூறு வெள்ளி. "உங்கம்மா எஸ்டேட்ல சுண்ணாம்புல நீலம் கலந்து அடிப்பாங்கதானே, கேளு லா" என்றார். அளவு எழுதுங்கள்.

குழாய்க்கு மேலே, என் நெற்றி உயரத்தில் ஒரு பழுப்புக் கறை. துருதான். சுண்ணாம்பு அதை மறைக்குமா?

உங்கள் மகள்
சந்திரமதி


மாசாய்
9 மார்ச் 2024

அன்பு மகள் சந்திரமதிக்கு,

என் மூட்டு கிடக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் பெரிய படிப்பு படித்த மாப்பிள்ளை சாயம் கேட்கிறார். எனக்குப் பெருமைதான். எழுதிக்கொள்.

கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு இரண்டு நாள் நீற்று. கிட்டே போய்க் குனியாதே, கொதித்துத் தெறிக்கும். துணியில் வடிகட்டி ஒரு கைப்பிடி உப்புப் போடு. துணி வெளுக்கிற நீலத்தை முடிச்சாகக் கட்டி அதில் பிழி. வாளியில் கண்ணைக் குத்துகிற நீலமாக இருக்கவேண்டும். காய்ந்தால் பாதியாக வெளுத்துவிடும்.

துரு குழாயிலிருந்து கீழேதான் வழியும், மேலே ஏறாது. நெற்றி உயரத்தில் இருப்பது யார் ரத்தம்? சுண்ணாம்பு ரத்தத்தை மறைக்காது. எத்தனை தடவை பூசினாலும் மஞ்சளாக மேலே வரும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அம்மா
ராஜம்மா


மூவார்
14 மார்ச் 2024

அம்மா,

என் ரத்தம்தான். தலையணை உறை தப்பான நிறத்தில் வாங்கிவிட்டேன் என்று தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இடித்தார். மூன்று தடவை. கைப்பேசி விழுந்தது, அதையும் மிதித்து உடைத்தார். கிளினிக்கில் ஆறு தையல். "வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்" என்று அவரே சொன்னார். டாக்டர் என்னைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை அவர்தான் பிரித்தார். மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்துத் தெரியாது. "படி" என்று நீட்டினார். வெளுத்துவிடும் என்கிற இடம்வரை படித்தேன். மிச்சம் இருந்த வரிகளுக்கு மறுபடி உப்பு, மறுபடி நீலம் என்று நானாகச் சொல்லிக்கொண்டு போனேன். "அலமாக், உங்கம்மா பெரிய கெமிஸ்ட் லா!" என்று சிரித்தார்.

நேற்று தேன்மொழி குறுக்கே வந்தாள். அவளையும் அறைந்தார். காதில் இன்னும் இரைச்சல் கேட்கிறதாம். எட்டு வயது, அம்மா. நீங்கள் வராதீர்கள். உங்களையும் விடமாட்டார்.

சந்திரமதி


மாசாய்
18 மார்ச் 2024

அன்பு மகளே,

நீட்டினால் இப்படிப் படி: முதல் பூச்சு நன்றாகக் காயட்டும், இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை பூசு.

இனி உனக்கு. உன் அப்பாவுடைய இடது கண் சுண்ணாம்பு தெறித்துப் போனது என்று எஸ்டேட் முழுக்கச் சொன்னோம். தெறிக்கவில்லை. அன்றைக்கு விறகுக்கட்டையோடு உன்மேல் பாய்ந்தார். உனக்கும் எட்டு வயது. சுவரில் இருந்த என் ரத்தத்தை மறைக்கத்தான் சுண்ணாம்பு போட்டிருந்தேன், வாளியில் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே தூக்கி முகத்தில் ஊற்றினேன். அவர் அலறியது நாலு லயத்து வீடுகளுக்கும் கேட்டது, ஆள்கள் ஓடிவந்தார்கள். பத்து வருஷம் நான் அலறியதும் அதே லயத்துக்குத்தான் கேட்டிருக்கும்.

நீ வாளியைத் தூக்காதே. எனக்கு அப்போது போக இடமில்லை. உனக்கு நான் இருக்கிறேன். மூன்று சுவரை அடி, கறை இருக்கிற சுவரைத் தொடாதே. ஞாயிறு காலை பத்து மணிக்கு, நீலம் போதவில்லை, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிப் பிள்ளையோடு வெளியே வா. உன் மாமா திருச்செல்வத்தின் வேன் தெருமுனையில் நிற்கும். நானும் இருப்பேன்.

அம்மா


மாசாய்
27 மார்ச் 2024

குணாளனுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை மறுக்கிறது. அந்தக் கையில் இரண்டு விரலை ஞாயிற்றுக்கிழமை நீ தெருமுனைவரை துரத்திவந்து வேன் கதவில் வைத்து நசுக்கினாய். அதனால் இது இடது கை எழுத்து. கோணலாக இருந்தால் உனக்கென்ன, நேராக எழுதினாலும் உன்னால் படிக்க முடியாது.

இத்தனை நாள் படித்துக்காட்ட அவள் இருந்தாள். இப்போது யாரிடம் நீட்டுவாய்? உன் அம்மாவிடமா, கோயில் தலைவரிடமா? நீட்டு.

படித்துக்காட்டுகிறவருக்கு வணக்கம். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து சத்தமாகப் படியுங்கள். சந்திரமதியும் தேன்மொழியும் என்னிடம் இருக்கிறார்கள். போலீசில் புகார் கொடுத்தாயிற்று. அவனிடம் சொல்லுங்கள்: இங்கே வாசலில் நீற்றாத சுண்ணாம்பு ஒரு மூட்டை இருக்கிறது, அவன் மாமனாருக்குக் கண் எப்படிப் போனது என்று யாரிடமாவது விசாரித்துவிட்டு வரட்டும்.

உங்களிடம் ஓர் உதவி. அவன் வீட்டுக் குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். மூன்று சுவர் நல்ல நீலம், என் மகள் கையால் அடித்தது. நாலாவது சுவரில் குழாய்க்கு மேலே பாருங்கள். அவன் அதன்மேல் அவசரமாகச் சாயம் பூசியிருந்தால், ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
சந்திரமதியின் அம்மா
ராஜம்மா