ஆள் பார்த்து அழுகிறவள்

அன்புள்ள முத்துத்தாய்க்கு,

சோலாப்பூரிலிருந்து உன் புருஷன் எழுதுவது. நீயும் மக பாண்டியம்மாளும் சவுக்கியமா? ஐயாவுக்கு இருமல் மட்டுப்பட்டதா? நானும் என் தொப்பையும் சுகம்.

எழுத்து கோணியிருப்பதைப் பார்த்து, குடிச்சிட்டு எழுதினேன்னு ஊரைக் கூட்டாதே. எங்க முறுக்குக் கம்பெனியில் புதுசாச் சேர்ந்த மராட்டிக்காரனுக்கு, அழகர் வைகையில் இறங்குற அழகைக் கையை வீசி விளக்கிக்கிட்டிருந்தேன். அழகர் இறங்குறதுக்குள்ளே கையிலிருந்த முறுக்கு அச்சு எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கிருச்சு. வலது கையில் கொஞ்சம் தெறிச்சது. பயப்படாதே, ஆறிக்கிட்டு வருது.

அப்போ நம்ம மக ஞாபகம்தான் வந்தது. போன லீவில் பார்த்தேனே, கீழே விழுந்தா முதல்ல சுத்திப் பார்ப்பா. நீ நின்னா தெருவே அதிர அழுவா. யாரும் இல்லேன்னா பாவாடையைத் தட்டிவிட்டுப் போயிருவா. ‘என்னா நடிப்புடி’ன்னு சிரிச்சேன்.

கை வெந்ததும் நானும் அப்படித்தான் சுத்திப் பார்த்தேன். மராட்டிக்காரன்தான் நின்னான். கையைத் தண்ணியில் முக்கிட்டு, இடது கையால் முறுக்கை அரிச்செடுக்கப் போயிட்டேன். அவ நடிக்கலை முத்துத்தாயி. அழுகையை உரிய ஆளுக்குன்னு எடுத்து வைக்கிறா.

அவ கை அளவுக்கு நூல் ஒண்ணு வச்சு அனுப்பு, வளையல் வாங்கணும். உன் கைக்கும் சேர்த்து அனுப்பு. தபால் பெட்டி திறக்க ஆள் வந்துட்டார், முடிச்சுக்கிறேன். சித்திரைக்கு லீவு கேட்டிருக்கேன். பஸ் விட்டு இறங்கினதும் கையைக் காட்டுவேன். அன்னைக்கு மட்டும் கேலி பண்ணாதே.

காசிமாயன்