முந்நூற்றுப் பதினொன்றாம் பக்கத்துக்கு அடுத்த பக்கம்

என் அன்பு வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், அவள் முழங்கால் மட்டும் பழையபடி முறுக்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு முன்பல் இரண்டு இல்லை, உன் சித்தப்பா இடது கையில் பதினாறு தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், மற்றபடி எல்லாரும் சௌக்கியம். பதறிப்போய் உடனே போன் போடாதே. போனில் சொன்னால் நீ குறுக்கே புகுந்து கத்துவாய், நான் திருப்பிக் கத்துவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கத்து.

எல்லாம் நீ ஆரம்பித்து வைத்ததுதான். போன லீவில் வந்திருந்தபோது, எடையில் ஏமாற்றுகிறேன் என்று சொன்ன ஒரு ஆளைக் கறிக்கடை வாசலிலேயே கன்னத்தில் அறைந்தேன் அல்லவா, அன்றைக்கு நீ என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாய். உங்களுக்கு வாய்க்கு முன்னாடி கை வந்துடுதுப்பா என்று சொல்லி, உன் பெட்டியிலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து வெட்டுக்கட்டை மேலேயே வைத்தாய். அடுத்த லீவுக்குள்ள இத முழுசா முடிங்க பார்ப்போம், முப்பது பக்கம் தாண்ட மாட்டீங்க என்றாய். எட்டாவதோடு நின்றவனிடம் இப்படிச் சொன்னால் விடுவானா. ஐந்நூற்று நாற்பது பக்கம், மேலே பல்லை உடைக்கும் பழைய செய்யுள், கீழே எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் உரை. தினமும் மத்தியானம் கறிக்கடையில் கூட்டம் ஓய்ந்ததும் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். சித்தப்பா கட்டையில் எலும்பு தட்டிக்கொண்டு காது கேட்காதவன் போல நிற்பான், ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து நான் கொஞ்சம் தாமதித்தால் என் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு இருமுவான். அம்மா எங்களைப் பார்த்து, இந்தப் படிப்ப நீங்க அப்பவே படிச்சிருந்தா நானும் ஒரு ஆபீசர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருப்பேன் என்று சிரித்தாள்.

புத்தகம் முழுக்கச் சண்டைதான். ஒரு ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு நாட்டுக்காரர்கள் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். எழுதியவர் பெரிய புலவராக இருக்கலாம், கத்தி பிடித்தவர் இல்லை. எழுபதாம் பக்கத்தில் ஒருவன் குதிரை மேல் இருந்தபடியே எதிரியை இடுப்போடு ஒரே வீச்சில் இரண்டு துண்டாக்குகிறான். நடக்கிற காரியமா? முப்பத்தைந்து வருடமாக வெட்டுகிறேன், ஒரு ஆட்டின் முதுகெலும்பிலேயே மூட்டுப் பார்த்து இறக்காவிட்டால் கத்தி மாட்டிக்கொள்ளும், ஆட்டித்தான் பிடுங்க வேண்டும். இதை நான் உரக்கச் சொன்னதும் சித்தப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து, குதிரை வந்த வேகத்தயும் சேர்த்துக் கணக்கு பண்ணியிருப்பாரு, நீ பேசாம படி என்றான். அப்புறம் ஒவ்வொரு வெட்டையும் இரண்டு பேருமாக அலசினோம், எது எலும்பு வரை போகும், எது தோலோடு நிற்கும், எதில் ரத்தம் பீறிடும், எதில் கசியும் என்று. கறி வாங்க வந்தவர்கள் ஓடாத குறைதான். ஆனால் சில இடங்களில் புலவர் தப்பே செய்யவில்லை. வயிறு கிழிந்த ஒரு வீரன், சரிந்த குடலை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லாமல் குளிர்கிறது என்கிறான். சித்தப்பா கட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை. அன்றைக்கு அத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

ஏன் என்று உனக்கே தெரியும். உனக்கு நாலு வயது, சந்தையில் எதிர்வரிசைக் கடைக்காரர்களோடு எங்களுக்கு இடத் தகராறு, ஒரு மத்தியானம் அவர்களுடைய ஆட்கள் நாலு பேர் கத்தியோடு வந்தார்கள். சித்தப்பா வாசலில் படி கழுவிக்கொண்டிருந்தான், நான் உள்ளே இருந்தேன். ஷட்டர் கயிறு அறுந்து தானாக விழுந்து அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டான், அதற்குள் தம்பியைக் காதிலிருந்து தோள் வரை கிழித்துவிட்டார்கள், இப்படித்தான் நீ கேட்டு வளர்ந்தாய். நான் ஷட்டரைத் தூக்கியதும் அவன் என் மேல் சரிந்து, குளிருதுண்ணா என்றான். பெருகிய ரத்தத்தில் என் செருப்பு வழுக்கியது.

போன மாதக் கடைசியில் முந்நூற்றுப் பதினொன்றாம் பக்கத்துக்கு வந்தோம். கதையில் அண்ணன் அரசன், தம்பி படைத்தலைவன். தம்பி கோட்டைக்கு வெளியே சிக்கிக்கொள்கிறான், சூழ்ந்துகொண்டவர்கள் அவன் குதிரையின் காலைத் தறிக்கிறார்கள், அவன் தவழ்ந்து வந்து கோட்டைக் கதவை அறைகிறான், உள்ளே அண்ணன் தாழைப் போடச் சொல்கிறான். திருப்பினால் தம்பியின் பிணத்தைக் கழுவிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், தன் கையாலேயே குழி தோண்டுகிறான். நடுவில் ஒன்றுமே இல்லை. பழைய காலத்து ஆட்கள் இப்படித்தான் தாவுவார்கள் போலிருக்கிறது என்று நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனேன். கத்திச் சத்தம் நின்றது. கதவ அடைச்சவனே குழியும் தோண்டுறானா என்று சித்தப்பா கேட்டான். கதைடா அது, வேலையப் பாரு என்றேன். அதற்கு அவன் மெதுவாக, ஏண்ணா, கயிறு அறுந்துபோச்சுன்னு இவனும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சானா என்றான்.

புத்தகத்தை ஸ்டூலில் வைத்தேன், அதை மட்டும் பதமாகத்தான் வைத்தேன், எடைக்கல்லை எடுத்து அவன் மேல் வீசினேன். தோளில் பட்டது. அவன் பாய்ந்து வந்து தலையால் என் வாயில் முட்டினான், ஒரு பல் தரையில் விழுந்தது, இன்னொன்றை விழுங்கிவிட்டேன். கழுத்தைப் பிடித்துக் கொக்கிகள் மேல் தள்ளினான், தொங்கிய ஆடு எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது, அந்தக் கொழுப்பிலும் ரத்தத்திலும் கட்டிப் புரண்டோம். என் கைக்கு எலும்பு வெட்டும் கத்தி அகப்பட்டது. ஓங்கினேன். அவன் முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினான், கத்தி இறங்கி எலும்பில் பட்டு நின்றது. இத்தனை வருடத்தில் என் கத்தி மூட்டுத் தவறியது அந்த ஒரு தடவைதான், அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்துக் கடை தையல்காரர் ஓடிவந்து, யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த சட்டையையே கிழித்து அவன் கையைக் கட்டினார். தரையில் கிடந்தபடி சித்தப்பா குளிருது என்றான். இந்தத் தடவை அண்ணா என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கும் அப்புறம் வந்த போலீஸ்காரர் கேட்டதற்கும், எலும்பு வெட்டும்போது கத்தி வழுக்கிடுச்சு என்றே சொல்லிவிட்டான். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு விரல் மடங்கவில்லை, போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். மூன்று நாள் அவன் முகத்தில் முழிக்கத் துணியாமல் வீட்டில் கிடந்தேன். கடையைக் கழுவிவிட்டு வந்த அம்மா புத்தகத்தை என் மடியில் போட்டு, இதப் படிச்சுத்தான் தம்பிய வெட்டக் கத்துக்கிட்டீங்களா, அடுப்புல போடட்டுமா என்றாள். தரமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விட்ட இடத்தைத் தேடும்போதுதான் பார்த்தேன், முந்நூற்றுப் பதினொன்றுக்கு அடுத்து முந்நூற்றுப் பதினாலு இருந்தது. தாள் தடிப்பாக இருந்தது. கறிக்கடைக்காரன் கட்டைவிரல் அல்லவா, கொழுப்புப் பட்டு இரண்டு தாளும் ஒட்டிப்போயிருந்தன. மெல்லிய கத்தியை ஓரத்தில் விட்டு, தோல் உரிப்பதுபோலக் கிழியாமல் பிரித்தேன்.

உள்ளே இருந்த இரண்டு பக்கத்தில் அந்த அண்ணன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தம்பி அறையும் சத்தத்தைக் கேட்கிறான். மூன்றாவது அறைக்குத் தாழைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தனியாளாக வெளியே ஓடுகிறான். வாள் உடைந்த பிறகு பல்லால் கடித்துச் சண்டை போட்டுத் தம்பியை உள்ளே இழுத்து வருகிறான், அவன் மடியில்தான் தம்பி உயிர் போகிறது. அவன் திரும்பிப் போனான் கண்ணு. நான் போகவில்லை. கயிறு அறுந்து விழவில்லை, நான்தான் ஷட்டரை இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். உன் சித்தப்பா ஒன்பது தடவை தட்டினான். அவர்கள் போய்விட்ட சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். பத்தொன்பது வருடமாக உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு நீள வேண்டிய இடத்தில் நீளாத கைதான் அதற்கப்புறம் கண்டவன் மேலெல்லாம் பாய்ந்தது. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அந்த இரண்டு பக்கத்தையும், பல் போன வாயில் காற்றுப் போக, படித்தேன். நடுவில் அழுகை வந்து நிறுத்தினால், எதிர்க் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த லாரி டிரைவர், அட கதவு தொறந்துச்சா இல்லையா, சீக்கிரம் சொல்லுங்க என்கிறார். படித்து முடித்துவிட்டு, அது அறுந்து விழலடா, நான்தான் இழுத்தேன் என்றேன். அவன் சுவரைப் பார்த்தபடியே, தெரியும், அப்ப தோள்ல தையல் பிரிச்சு வந்த அன்னிக்கே கயித்தப் பார்த்தேன், பழைய கயிறு முழுசா இருந்தது, நீயா சொல்வேன்னுதான் இத்தன வருஷம் உன் பக்கத்துலயே நின்னு வெட்டினேன் என்றான். என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்றேன். கட்டு பிரிக்கட்டும், உனக்கு ஒரு கை பத்தாது, ரெண்டு கையாலயும் அடிக்கணும், இப்ப அடுத்த பக்கத்தப் படி என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் போய்ப் படிக்கிறேன், டிரைவருக்கும் சேர்த்து. இன்னும் நூற்றுப் பத்துப் பக்கம் இருக்கிறது, நீ வருவதற்குள் முடித்துவிடுவோம், பந்தயத்தில் நீ தோற்றாய்.

நீ அங்கே அறைக் கதவைத் தாழிட்டுப் படு, அந்தப் புது ஹெட்மாஸ்டரம்மாவிடம் வாயைக் கொடுக்காதே, தலைவலி வந்தால் மாத்திரை மாத்திரையாக முழுங்காதே. உன் படிப்பும் உன் கோபமும் உன்னை நல்ல இடத்தில் வைக்கட்டும், தீர்க்காயுசாக இரு. மறக்காமல் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். சித்தப்பாவுக்குக் கட்டுப் பிரிப்பதும் நீ லீவுக்கு வருவதும் ஒரே வாரம். அவன் இரண்டு கையையும் ஓங்கிக்கொண்டு வரும்போது நீயும் அம்மாவும் குறுக்கே விழுந்து தடுக்கக் கூடாது. நான் வெளியே வாசலில்தான் நிற்பேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா