சீமாட்டியின் தங்கை என்ன சொன்னாள்?

என் சண்டைக்கார மலரக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டால் நீ சிரிப்பாய். "செத்தவகிட்ட சொகமான்னு கேக்குற மொத ஆளு நீதான்டி" என்பாய். சரி, கேட்கவில்லை. என் சௌக்கியத்தைச் சொல்கிறேன். முன்பல் ஒன்று போய்விட்டது. உதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள். காரம் பட்டால் உயிர் போகிறது. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

யார் உடைத்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கூடப் பிறந்தவன்தான். ஜாமீனில் வெளியே வந்தவன் நேரே செல்லூருக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் வந்தால் காபி போடட்டுமா என்று கேட்கிற பாழாய்ப்போன பழக்கம் இருக்கிறதே, அதற்குத்தான் வாயைத் திறந்தேன். முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை நிலையில் மோதினான். மறுபடி இழுத்து மறுபடி மோதினான். "இப்பச் சொல்லு பாப்போம் சாட்சி, பொக்க வாயி" என்றான். எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் நான் கத்தியது தெருவுக்குக் கேட்கவில்லை. வாயிலிருந்த ரத்தத்தை அவன் வெள்ளைச் சட்டையில் துப்பினேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

நாளைக்குக் கோர்ட்டில் உன் கேஸ். நான் சாட்சி சொல்ல வேண்டும். பம்புசெட்டுத் தொட்டியில் பாசி வழுக்கி, கல்லில் மண்டை மோதி நீ செத்தாய் என்கிறது அவன் கட்சி. மம்பட்டியால் அடித்துக் கொன்றான் என்பது நான் பார்த்தது. அன்றைக்கு அந்த வயலில் இன்னொருத்தியும் இருந்தாள். அம்மா. அம்மா அவன் பக்கம் நிற்கிறாள். ஆக, நீ எப்படிச் செத்தாய் என்பது இப்போது என் ஒருத்தி வாயில் இருக்கிறது. அந்த வாயை அவன் ஏன் உடைத்தான் என்று உனக்குப் புரியும்.

கொஞ்ச நாளாக உன் எலினோர் சீமாட்டி எனக்குள் நடமாடிக்கொண்டே இருக்கிறாள். காலேஜில் பாடம் நடத்திவிட்டு வந்து, நானூறு வருஷத்துக்கு முந்தி வாழ்ந்த ஓர் இங்கிலீஷ்காரியைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்தபோது நான் எம்புட்டுக் கிண்டல் செய்திருப்பேன். "மதுரையில பொம்பளைகளே இல்லாம சீமைக்குப் போய்ட்டியாக்கா" என்று கேட்டேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாய். "இவளும் நம்மூருக்காரிதான்டி. குளிர் மட்டுந்தான் கூட."

அவளுடைய அப்பா வடக்கே பெரிய பிரபு. கோட்டை, ஆட்டு மந்தை, கண்ணுக்கெட்டிய வரை மேய்ச்சல் நிலம். மகளுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன்காரன் குதிரையில் ஆட்களோடு வந்து அவள் வீட்டுக் கதவை உடைத்தான். புருஷனைச் சர்ச் வாசலில் போட்டு மிதித்துக் கொன்றார்கள். அவளை முடியைப் பிடித்து இழுத்துப் போய்க் கோட்டையில் அடைத்தான். பனிக்காலத்தில் அடுப்பு இல்லை, கம்பளி இல்லை. பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போடச் சொன்னான். மாட்டேன் என்றாள். வலது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான்.

அந்த இடம் வரும்போது மட்டும் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "கையெழுத்துப் போட வேண்டிய கையையே ஒடிச்சுப்புட்டான் பாரு, முட்டாப்பய!" என்பாய். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. நம் அண்ணன் உன் புத்தகத்தை அடுப்பில் போட்டதும், தடுக்கப் போன உன் தலையைத் தண்ணித்தொட்டியில் அமுக்கியதும், நீ மூச்சு முட்டி அவன் முன்கையைக் கடித்ததும் எனக்கு ஞாபகம் வரும். அப்போது அப்பா யாரை அடித்தார்? கடித்தவளைத்தானே அடித்தார்? பெல்ட் உன் முதுகில் போட்ட கோடு கல்யாணத்தன்றுகூடத் தெரிந்தது. நீ கடித்த தழும்பு அவன் கையில் இன்னும் இருக்கிறது.

அந்தத் தழும்புள்ள கையால்தானே அழகர்கோவிலில் சத்தியம் செய்தான்.

அப்பா போன பிறகு நீ பங்கு கேட்டாய். கெஞ்சவில்லை, கேட்டாய். அவன் உன்னை வீட்டுக்குள் விடவில்லை. உன் மகள் யாழினிக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்று அழைக்கப் போன மச்சான்மேல் நாயை ஏவிவிட்டான். நீ கேஸ் போடுவேன் என்றதும் அவனே இறங்கி வந்தான். "பதினெட்டாம்படிக் கருப்பு வாசல்ல சத்தியம் பண்ணித் தாரேன், வா" என்றான். வக்கீலிடம் கொடுத்து வைத்திருந்த மனுவை அன்றைக்கே நீ திரும்ப வாங்கிவிட்டாய்.

உன் மேல் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இங்கிலீஷில் புத்தகம் புத்தகமாகப் படித்தவள். சீமாட்டியின் அண்ணன் பைபிளில் கை வைத்துப் பொய் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதியவள். "அது அந்தச் சாமிடி. இது கருப்பு. கருப்பு முன்னாடி எந்தப் பய பொய் சொல்லுவான்?" என்று என்னிடம் கேட்டாயே. நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் செய்கிற தப்பு அது. நானும்தான் தலையாட்டினேன். சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் எரிகிற சூடத்தை அவன் உள்ளங்கையால் அடித்து அணைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தங்கச்சி பங்கை அளந்து குடுத்துருவேன், கருப்பு சாட்சி" என்றான். திரும்பும் வழியில் உனக்கு அவனே மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தான்.

நிலம் அளக்கப் போன அன்றைக்கும் நீ பூ வைத்திருந்தாய். தேங்காய், வெற்றிலை, சூடம் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் கொண்டு வந்திருந்தாய். அளப்பதற்கு முன் சனிமூலையில் சாமி கும்பிட வேண்டும் என்றாய். பம்புசெட்டுத் தொட்டி பக்கத்தில் குனிந்து தீப்பெட்டியை உரசினாய். காற்றுக்கு அணைந்தது. "கையை மறைச்சுப் பிடிடி" என்று என்னைக் கூப்பிட்டாய். நான் வரப்பிலிருந்து இறங்கினேன்.

அவன் பின்னாலிருந்து வந்தான். மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து அடித்தான். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. நீ விழவில்லை, அதுதான் கொடுமை. திரும்பி அவனைப் பார்த்தாய். "அண்ணே" என்றாய். திட்டக்கூட இல்லை, சும்மா கூப்பிட்டாய். இரண்டாவது அடி முகத்தில் விழுந்தது. நான் ஓடிப் போய் அவன் இடுப்பைக் கட்டினேன், முழங்கையால் என் விலாவில் இடித்துத் தள்ளினான். நீ தொட்டிக்குள் சரிந்தாய். அவன் உள்ளே இறங்கி உன் கழுத்தில் காலை வைத்தான். தண்ணீர் சிவந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக நம் கத்திரிச் செடிகளுக்குப் போனது.

அம்மா களத்தில் நின்று பார்த்தாள். ஓடி வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊர்க்காரர்கள் வந்தபோது அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எம்மக வழுக்கி விழுந்துட்டாளே!" உன் எலினோரை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்ட பிறகு அவளுடைய தாய் என்ன சொன்னாள்? கால் இடறிவிட்டது என்றுதானே? அதைப் படித்த அன்றைக்கு நீ சாப்பிடவே இல்லை.

மறுநாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டு வந்தோம். செல்லூர்ச் சந்துச் சுவரெல்லாம் உன் போஸ்டர். "கண்ணீர் அஞ்சலி. பாசமிகு தங்கைக்கு" என்று போட்டுக் கீழே உன் படத்தைவிடப் பெரிதாக அவன் படம், கறுப்புக் கண்ணாடியோடு. பசை காயவில்லை. சீமாட்டிக்கும் அவள் அண்ணன் சலவைக்கல்லில் சமாதி எடுத்தானாம். கை கூப்பிப் படுத்திருக்கிற பொம்மை, நசுங்கிய விரல்களையெல்லாம் நேராக்கி. கீழே "அருமைத் தங்கை" என்று வெட்டியிருந்ததாகச் சொன்னாய். கல்லுக்கும் பசைக்கும்தான் வித்தியாசம்.

போஸ்டரோடு நின்றானா? தப்பு மேளம் முழங்க, தாம்பாளத்தில் பட்டுச்சேலை வைத்து, மாரில் அடித்துக்கொண்டு வந்தான். பிறந்த வீட்டுக் கோடி. அந்தச் சேலை மேலே விழுந்தால்தானே கட்டிக்கொடுத்த பெண்ணின் பாடையைத் தூக்குவார்கள். "கோடி வந்துருச்சு, தூக்குங்கப்பா" என்றார் ஒரு பெரியவர். அவன் சேலையை விரித்தபோது முன்கைத் தழும்பு தெரிந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. சேலையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன்.

"இவன் கோடி எங்கக்கா மேல விழாது" என்றேன்.

"பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்புடித்தா தூக்குறது? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் பெரியவர்.

"நான் எங்க பொறந்தேன்? வைகை ஆத்துலயா? நானும் அதே வீட்டுல பொறந்தவதான். என் கோடி போதும்."

அண்ணன் என் மேல் பாய்ந்தான். பாயும்போதே மச்சான் அவன் குரல்வளையைப் பிடித்துவிட்டார். கப்பலூர்க் கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டினால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிற உன் புருஷன்தான், அக்கா. அவன் கண் பிதுங்கும் வரை விடவில்லை. நாலு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "போடு செல்வி" என்றார். நீ எனக்குப் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர்ச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத்தான் உனக்குப் போர்த்தினேன். நான் கொடுத்த புகாரில் சாயங்காலம் போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போனது.

நேற்று அம்மா வந்தாள். என் வாயைத் தடவிப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே ஆரம்பித்தாள். "போனவ போய்ட்டா. இருக்கிற ஒத்தப் பிள்ளையையும் உள்ள தள்ளிப்புட்டு நான் யாரைப் பாத்துடி சாகுறது? தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. ஒனக்கு ஆடலையா?"

"ஆடுதும்மா. அக்கா சதையும் என் சதைதானே" என்றேன்.

"அவன் கருப்பு வாசல்ல சூடம் அடிச்சு, நான் கொல்லலைன்னு சத்தியம் பண்றேங்குறான். கோர்ட்டு எதுக்கு? சாமி பாத்துக்கிரும்."

"அங்க ஒருதடவ அடிச்ச சூடத்துக்குத்தான் அக்கா செத்தா."

அம்மா எழுந்தாள். போகும்போது வாசலில் நின்று, "எனக்குக் கொள்ளி போட யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி என்னை அடித்துப்போட்டுவிட்டது. அவளும் பெற்றவள்தானே, அக்கா? அவள்மேல் எனக்கு இரக்கம் வருவது தப்பா? எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அடுத்த முறை அவன் பல்லோடு நிறுத்த மாட்டான். பல் உடைத்ததையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து அவன் கறுவிக்கொண்டிருப்பான்.

ஆனால் உன் ஆராய்ச்சியில் ஒரு இடத்தில் நீ மாட்டிக்கொண்டு நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? எலினோர் செத்த அன்றைக்கு அவள் தங்கையும் கோட்டையில் இருந்தாளாம். அண்ணன் சொன்னது, தாய் சொன்னது, சமையல்காரன் சொன்னது எல்லாம் பழைய வழக்கு ஏட்டில் கிடைத்தது. தங்கை சொன்னதாக ஒரு வரி கிடையாது. வழக்கு அதோடு முடிந்தது. அண்ணன் நிலத்தை ஆண்டு அனுபவித்து, கிழவனாகிக் கட்டிலில் செத்தான். நீ வாரக்கணக்கில் அதையே சுற்றிச் சுற்றி வந்தாய். பாத்திரம் தேய்க்கும்போதுகூட, "அந்தத் தங்கச்சிக்காரி என்னதான்டி சொல்லியிருப்பா?" என்று என்னைக் கேட்டாய். "பயந்துருப்பாக்கா" என்றேன். "பயந்தா என்ன? பயந்துக்கிட்டே சொல்ல வேண்டியதுதான?" என்றாய்.

யாழினி உன் ஜாடையில் வளர்ந்து நிற்கிறாள். நாளைக்கு அவளும் வருகிறேன் என்கிறாள். மச்சான் வேண்டாம் என்றார். நான் வரட்டும் என்றேன். மாமன் மடியில்லாமல் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள்தானே. உன் மகள் எதிரே இருந்தால் எனக்கு நாக்கு குழறாது.

கூண்டில் ஏறுவேன். அண்ணன் எதிரே நின்று முறைப்பான். அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். பல் போன இடத்தில் காற்று போய்ப் பேச்சு தெளிவாக வராது, அதனால் மெதுவாகச் சொல்வேன். அணைந்த தீக்குச்சியிலிருந்து ஆரம்பிப்பேன். மம்பட்டி, "அண்ணே" என்று நீ கூப்பிட்டது, கழுத்தில் வைத்த கால், வாய்க்காலில் போன தண்ணீர் எல்லாவற்றையும் சொல்வேன். பயந்துகொண்டேதான் சொல்வேன். இதற்கு நான் சூடம் எதுவும் அடிக்கப் போவதில்லை. உன்மேல் போர்த்திய அந்தச் சேலை மேல் ஆணையாகச் சொல்கிறேன், மலரக்கா: தங்கை என்ன சொன்னாள் என்று இனி யாரும் தேட வேண்டியிருக்காது.

உன் பிறந்த வீடு,
தங்கை செல்வி