ஐசியூவில் நான் இல்லை

காட்டுப்பாக்கம்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மருமகள் நிஷாவுக்கு,

மாமனார் ஏகாம்பரம் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். கடிதத்தில் இந்த வரியை எல்லோரும் பழக்கத்தில் எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். நான் இதைச் செய்தியாக எழுதுகிறேன். தயவுசெய்து இன்னொரு முறை படி.

எனக்கு மாரடைப்பு வரவில்லை. நான் ஐசியூவில் இல்லை, இருந்ததும் இல்லை. திங்கட்கிழமை கண்புரை அறுவைக்காகப் பூந்தமல்லியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். நீ வெளிநாட்டில் இந்தியாவுக்காக பைக் பந்தயம் ஓட்டும் நேரத்தில் உனக்குக் கவலை வேண்டாம், சொல்லாதே என்று உன் வீட்டுக்காரன் ஸ்ரீநாத்திடம் சொன்னது நான்தான். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததால் அன்று ஒரு நாள் படுக்க வைத்து, கையில் ட்ரிப்ஸ் ஏற்றி, மறுநாள் காலை அறுவையை முடித்து மதியமே அனுப்பிவிட்டார்கள். உனக்கு வந்த படம் அந்த ஒரு நாளில் நான் தூங்கும்போது ஸ்ரீநாத் எடுத்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவது என் வழக்கம். பார்க்கிறவர்களுக்கு அது மோசமாகத்தான் தெரியும்.

போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொன்னேன் அம்மா. செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசியபோது, "நான் நல்லாத்தான் இருக்கேம்மா, நீ கவலைப்படாதே" என்றேன். நீ முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கண்புரைக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்து, நானும் கொஞ்சம் கலங்கிவிட்டேன். நீ பயந்துகொண்டிருந்ததற்கு அடையாளம் என் கலக்கத்திலேயே உனக்குக் கிடைத்திருக்கும். அதற்கு முன்பே ஸ்ரீநாத் உன்னிடம், "அப்பாவுக்கு விஷயம் தெரியாது, நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு, நீயும் எதுவும் கேட்டுடாதே" என்று சொல்லிவைத்திருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன உண்மை, சாகக் கிடக்கிறவன் சொல்லும் ஆறுதலாக உன் காதில் விழுந்திருக்கிறது. அதன் பிறகு, கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று என் போனை அவன் எடுத்துக்கொண்டான்.

அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். கீழ் வீட்டு ஜமீலா டீச்சர் இந்தத் தாள்களைப் படம் எடுத்துத் தன் போனிலிருந்து உனக்கு அனுப்புவார். நீ சந்தேகப்பட்டால் அவரைக் கூப்பிட்டுக் கேள். காலையில் நான் படியிறங்கி வந்து அவர் வீட்டில் டீ குடித்ததை அவர் சொல்வார்.

எனக்கே இது எப்படித் தெரியவந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நேற்று காலை, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. உங்கள் மெக்கானிக் துலுக்கானம், எனக்காக ஸ்ரீநாத்திடம் கொடுத்தனுப்பலாம் என்று இரண்டு இளநீரோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா சார், ஐசியூல கீறீங்கன்னாங்கோ. நீங்க இன்னாடான்னா உப்புமா கிண்டிக்கினு கீறீங்க?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இளநீரை மேடைமேல் வைத்துவிட்டு, முதல் நாள் மாலை பாந்தர்ஸ் அணியின் ஷெட்டில் ஸ்ரீநாத் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னதைச் சொன்னார். மாமனாருக்குச் சீரியஸ், நிஷா இந்திய அணியிலிருந்து விலகி வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் வருகிறாள், வந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை திருமழிசை மைதானத்தில் பூந்தமல்லி பாந்தர்ஸுக்காக லீக் இறுதிப் பந்தயம் ஓட்டுகிறாள் என்று சொல்லியிருக்கிறான். தகப்பன் சாகக் கிடக்கிறான் என்ற செய்தியையும் பந்தய அட்டவணையையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான். கைதட்டினார்களாம்.

துலுக்கானம் கைதட்டவில்லை என்று சொன்னார். "பொண்ணு வந்து ஓட்னா மொத சந்தோசம் எனக்குத்தான் சார். ஆனா இப்டி ஒரு பொய்ய சொல்லி இட்டாந்தா, அந்த வண்டில நான் எப்டி சார் கைய வெப்பேன்? த்தூ!" என்று ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பிவிட்டு, வீட்டுக்குள் துப்பியதற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

உப்புமா தீய்ந்துவிட்டது. எனக்கும் பசி போய்விட்டது.

மதியம் ஸ்ரீநாத்தைக் கேட்டேன். அவன் மறுப்பான் என்று ஒரு பக்கம் நம்பினேன். மறுக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "ரெண்டு நாள் படுத்துக்கோப்பா, அவ்ளோதான். சண்டே முடிஞ்சதும் நானே அவகிட்ட சொல்லிடறேன். அப்பா பொழைச்சுட்டாருன்னு சந்தோஷம்தானே படுவா?" என்றான். இதைச் சொன்னபோது அவன் முகத்தில் கூச்சமே இல்லை. அவனைப் பெற்றவன் நான் என்பதை நினைக்க அருவருப்பாக இருந்தது. ஒரு தகப்பன் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே விட்டுவைக்கிறேன்.

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் என்னால் எழுத முடியவில்லை. இறுதிப் பந்தயத்தில் தோற்றால் பாந்தர்ஸ் முதலாளி லட்சுமணன் அணியைக் கலைத்துவிடுவார், ஷெட்டில் வேலை செய்கிற அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள் என்றான். "இந்தியா இந்தியான்னு போறாளே, ரெண்டு வருஷம் அவளை ரிசர்வ்லயே ஒக்கார வெச்சவங்கதானே அவங்க? ஜெர்ஸிக்கு அளவுகூட கேக்கலை" என்றான். அது உண்மை. முழங்கால் வரை தொங்கிய அந்த ஆண்கள் சட்டையை நீ இந்த மேசையில்தான் வைத்துக் கத்தரித்துத் தைத்தாய். பாந்தர்ஸ்தான் உனக்கு முதல் பைக்கைக் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளை அவன் உன்னிடமே சொல்லியிருக்கலாமே? உன் முன்னால் வைத்து, வா என்று கேட்டிருக்கலாமே? கேட்டால் நீ வரமாட்டாய் என்று பயந்தானா, அல்லது கேட்பதே வேண்டாத வேலை என்று நினைத்தானா, எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் சுத்தமில்லை. நேற்றே இந்திய அணியை அனுப்பிய சங்கத்திலிருந்து ஒரு நிர்வாகி வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினார். அணியில் மூவர்தான், ஒருவர் போனால் மற்ற இருவரையும் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உன் கூடப் போன விஷாலையும் பரத்தையும் நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. நீ தேசத்துக்குத் துரோகம் செய்கிறாய், வளர்ப்பு சரியில்லை என்றார். இரண்டு வருடம் உன் பெயரைக்கூடச் சரியாக எழுதாதவர்களுக்கு இப்போது உன் வளர்ப்பு வரை தெரிகிறது. நான் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, சரிங்க சார், சரிங்க சார் என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் சுபாவம் உனக்குத் தெரியும். ஆவடித் தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த காலம் முழுக்க, தவறு கண்டால் வரைந்தவரிடம் நேரில் சொன்னதே கிடையாது. பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். எதிரில் நிற்பவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. நேற்று மாலை அதன் அசிங்கத்தை முழுதாகப் பார்த்தேன்.

லட்சுமணன் நாலைந்து பேரோடு வந்தார். கார் சத்தம் கேட்டதும் ஸ்ரீநாத் என்னைப் பார்த்தான். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானாகவே போய்ப் படுத்தேன். லட்சுமணன் செருப்போடு உள்ளே வந்து கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தார். எனக்கென்று யாரோ கொண்டுவந்த சாத்துக்குடியை உரித்துத் தின்றபடியே, "நாட்டுக்கு ஓட்ட நூறு பேர் கீறான் ஐயா. நமக்குன்னு ஓட்ட ஒரே பொண்ணுதான் கீது" என்றார். பிசுபிசுத்த கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டார். அது நீ வாங்கிவந்த போர்வை. பிறகு கூட வந்தவன் போனை நீட்டியதும், "கொஞ்சம் கண்ண மூடிக்கங்க ஐயா, கண்ணாடியக் கழட்டிட்டு" என்றார். கழற்றினேன். மூடினேன். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஷா, யாரும் கேட்காமலே என் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. நோயாளி முனகுவது போலவே வந்தது. லட்சுமணன் ஸ்ரீநாத்தின் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சூப்பர்யா உங்கப்பா, நம்மாளுதான்" என்றார்.

நம்மாளு. அந்தச் சொல் இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் போனதும் போர்வையை வாளியில் போட்டு ஊறவைத்தேன். குளித்தேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கழுத்துவரைதான் குளித்தேன்.

இன்று மாலை ஏதோ சேனல்காரர்களை அழைத்துவருகிறாராம். நோயாளி மாமனார், பறந்து வரும் மருமகள் என்று எடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று செய்யப்போகிறேன். அதை நீ என் மூலமாகத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்டுப்பாக்கம் கூட்டு ரோட்டில், மெட்ரோ தூணை ஒட்டி எனக்கு பேனர் வைத்திருக்கிறார்கள். ரேஷன் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, 'பாந்தர்ஸ் குடும்பத்தின் தந்தை நலம்பெற வேண்டுகிறோம்' என்று போட்டு, கீழே கைகூப்பியபடி லட்சுமணனும் அவர் ஆட்களும். அந்த பேனருக்கு அடியில்தான் கண்ணம்மா கீரை விற்கிறாள். நான்கு மணிக்குக் கடைத்தெரு நிறைந்துவிடும். அப்போது பையை எடுத்துக்கொண்டு நடந்துபோய், என் படத்துக்குக் கீழே நின்று, அரைக்கீரை ஒரு கட்டு வாங்கப்போகிறேன். யாரையும் குற்றம் சொல்லிப் பேச மாட்டேன், அது என்னால் ஆகாது. யாராவது கேட்டால் கண்புரை என்று மட்டும் சொல்வேன். மிச்சத்தைக் கண்ணம்மா பார்த்துக்கொள்வாள். அவள் குரல் உனக்குத் தெரியுமே.

இதனால் ஸ்ரீநாத்துக்குத் தலைகுனிவு வரும். லட்சுமணன் கோபப்படுவார். நாலு மணிக்கு எனக்குக் கால் வராமல் போனாலும் போகலாம். அதனால்தான் கடிதத்தை முதலில் அனுப்புகிறேன். நான் கோழையாகி வீட்டிலேயே இருந்துவிட்டாலும், உனக்கு உண்மை வந்து சேர்ந்திருக்கும்.

நீ இந்தியாவுக்குத்தான் ஓட்ட வேண்டும் என்று நான் எழுதவில்லை. எனக்கு அதில் கருத்துச் சொல்லத் தகுதியில்லை. பிரேக்கே இல்லாத வண்டியை மண்ணில் சறுக்கவிட்டு வளைவது எப்படி என்றே எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டு பக்கமும் உன்னைப் பிடித்து இழுக்கிறவர்களில் எவருக்கும் உன்மீது அக்கறை இருப்பதாகவும் தெரியவில்லை. துலுக்கானத்தையும் அந்த ஷெட்டையும் நினைத்து, அதற்காக வருகிறாய் என்றால், விஷாலிடமும் பரத்திடமும் முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை திருமழிசைக்கு நானும் வந்து உட்காருவேன். அங்கேயே இருந்து ஓட்டுகிறாய் என்றால் ஓட்டு. எது செய்தாலும் உன் காரணமாக இருக்கட்டும். என் படுக்கை அதற்குக் காரணமாக வேண்டாம். பயணச்சீட்டை ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வெள்ளிக்கிழமை மாலை வரை உனக்கு நேரம் இருக்கிறது.

இங்கே மற்றபடி விசேஷம் இல்லை. மழை இல்லை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நீ மாடியில் வைத்த மல்லிச் செடிக்கு ஜமீலா தண்ணீர் ஊற்றுகிறார். சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபின் நீயும் ஸ்ரீநாத்தும் என்ன பேசுவீர்கள், பேசுவீர்களா என்பதெல்லாம் நான் கேட்கக் கூடாத விஷயம். அவன் என் மகன். அதை மாற்ற முடியாது. ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. இன்று காலை இதற்கு இன்னொரு சாவியை ஜமீலாவிடம் கொடுத்து, இது நிஷாவுடையது, அவள் எப்போது கேட்டாலும், யாரைக் கேட்காமலும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நான் இருக்கும்வரை அது உன் சாவிதான். இல்லாமல் போனாலும் உன் சாவியாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டுமோ, அதையும் விசாரித்துவருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அழாதே. உனக்கு ஒரு குறையும் வராது.

உன்னை மகளாக நினைத்து ஆசீர்வதிக்கும்,
ஏகாம்பரம்