தேய்ப்புக் கொட்டகை ஓரம் நின்ற கார்

ஜனவரி 27

சரக்கோடு மேம்பாலம் ஏறும்போது கார் மறுபடியும் திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரைச்சல்தான் கூடுகிறது, வேகம் கூடவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பாலம் இறங்கியதும் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

வீட்டில் சொன்னேன். லீமா வண்டியை விட்டுவிட்டு என் இருமலைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்துமசிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பனிக்காலம். ஊரே இருமுகிறது.

ஜனவரி 29

மெக்கானிக் மாணிக்கவேலிடம் விட்டேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு ஏர் ஃப்ளோ சென்சார் என்றார். எஞ்சினுக்குள் போகிற காற்றை அது அளந்து சொல்லும், அதைப் பார்த்துத்தான் எவ்வளவு டீசல் விடுவது என்று வண்டி முடிவு செய்யுமாம். கழற்றிக் காட்டினார். உள்ளே மெல்லிய கம்பி மாதிரி ஒன்று, அதன் மேல் வெள்ளைப் படலம்.

வண்டியை எங்கே நிறுத்துகிறேன் என்று கேட்டார். வேறெங்கே, என் யூனிட்டில், தேய்ப்புக் கொட்டகை ஓரமாகத்தான். சூளைக்குப் போகுமுன் காய்ந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் சக்கரத்தில் வைத்து விளிம்பு தேய்க்கிற இடம். மாவு மாதிரி பறக்கும். செராமிக் எஸ்டேட்டில் எந்த யூனிட்டில்தான் பறக்கவில்லை?

ஸ்ப்ரே அடித்துத் துடைத்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் ஓடும், அதற்குள் இதே மாதிரி புதுசு ஒன்று போட்டுவிடுங்கள் என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்து லீமாவின் தம்பி கிளமெண்ட் வந்தான். குவைத்தில் ஒர்க்‌ஷாப் வேலை போய், மழைக்கு முன்னால் திரும்பி வந்தவன். அதிலிருந்து சும்மாதான் இருக்கிறான், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இன்று சென்சார் பேச்சைக் கேட்டதும் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

"அதே சென்சார் எதுக்கு மாமா? பெரிய வாயா இருக்கறதா போட்டுக்கலாம். ஃபில்டரையும் ஓப்பன் டைப்பா மாத்திக்கலாம். காத்து நெறைய போச்சுன்னா வண்டி பறக்கும்."

மாணிக்கவேலுக்குப் போன் போட்டேன். பெரியது போட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பிப்போகும் என்றார். அதற்குப் பாண்டியில் ஆள் இருக்கிறான் என்கிறான் கிளமெண்ட்.

பிப்ரவரி 5

அதேயா, பெரியதா? எனக்கு அதே போதும். ஃபியூஸ் கட்டை ஏற்றுகிற வண்டி பறந்து எங்கே போகப் போகிறது?

பிப்ரவரி 9

சரி என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு வாரமாக அவன் காலையிலேயே குளித்துவிட்டு வருகிறான். சாப்பிடும்போது பேசுகிறான். அதை எப்படி வேண்டாம் என்பது?

லீமாவுக்கும் புரிந்திருக்கிறது. "அவனுக்காக வண்டிய மாத்துறீங்க, சரி. உங்களுக்காக டாக்டர்கிட்ட எப்ப போவீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

பிப்ரவரி 16

மாட்டிவிட்டான். காலி வண்டியில் உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒரு சுற்று. சத்தம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. பாண்டி ஆள் அடுத்த வாரம் வருகிறானாம்.

பிப்ரவரி 22

பாண்டி ஆள் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஸ்ரீமுஷ்ணம் கடைக்குச் சரக்கு அவசரம் என்றார்கள், கிளம்பிவிட்டோம். கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் வண்டி குலுங்கியது, புகை விட்டது, நின்றே போனது. ஓரங்கட்டலாம் என்று கிளமெண்ட் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள நான் பின்னாலிருந்து தள்ளினேன். நாலு எட்டுதான். மூச்சு வரவில்லை. இழுக்கிறேன், வரவில்லை. கரும்புக் கொல்லை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஓடி வந்தான். "மாமா, எம்மூஞ்சிய பாருங்க. மெதுவா வுடுங்க. மெதுவா." என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். வண்டியைச் சரக்கோடு அங்கேயே விட்டுவிட்டு, வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். அங்கே நெஞ்சு டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 25

கடலூரில் நெஞ்சு டாக்டர். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு என்ன தொழில் என்றார். சொன்னேன். தலையாட்டினார். பீங்கான் மண்ணில் இருக்கிற கல்தூசு நுரையீரலில் படிந்திருக்கிறது, படிந்தது இனி வெளியே வராது, மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றார். கேட்க வேண்டியதையெல்லாம் லீமாதான் கேட்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. நான் கொட்டாய்க்குள்ள போறவன், வர்றவன். தேய்க்கற சொர்ணாம்பா அக்கா காலையில சக்கரத்துல உக்காந்தா சாயங்காலந்தான எழுந்திரிக்குது? அது மருமக வேல்விழி? எனக்கே இப்படின்னா — அவங்களுக்கு?

பிப்ரவரி 27

இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

மார்ச் 1

சொல்லிவிட்டேன். தேய்ப்பு வேலையை நிறுத்தினேன். சொர்ணாம்பாள் அக்கா சக்கரத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"கொட்டாய மூடிட்டா நாங்க எங்க மொதலாளி போவறது?"

சம்பளம் நிற்காது, முதலில் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றேன். எனக்கு இருமலே இல்லையே என்றார். வேல்விழி தலையில் கட்டியிருந்த, தூசில் வெளுத்த துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

மார்ச் 6

யாரும் சொல்லாமலே கிளமெண்ட் பெரிய சென்சாரைக் கழற்றிவிட்டான். மாணிக்கவேல் பழைய மாதிரியே புதுசு போட்டார், கூடவே மூடி போட்ட பழைய ஃபில்டர் பெட்டி. வண்டி சாதாரணமாக ஓடுகிறது. எனக்கு அதுவே நிம்மதி.

"எல்லாம் என் தப்புதான் மாமா" என்றான் கிளமெண்ட். நீ இல்லாவிட்டால் நான் இன்னும் டாக்டரிடம் போயிருக்க மாட்டேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேய்ப்புக் கொட்டகைக்குள் போனான். ரொம்ப நேரம் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். குவைத்தில் கார் பெயிண்டைத் தேய்க்கும்போது, பறக்கிற இடத்திலேயே தூசை உறிஞ்சி எடுக்கும் குழாய் வைத்திருப்பார்களாம். இங்கேயும் செய்யலாம் என்கிறான்.

மார்ச் 14

மாசிமகக் கூட்டம் கலைந்து இன்றுதான் ஊருக்குள் வண்டி ஓட்ட முடிந்தது. எல்லோரையும் கடலூர் கூட்டிப்போனேன். வேல்விழிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுமில்லை. சொர்ணாம்பாள் அக்காவுக்கு ஆரம்பம் என்றார் டாக்டர், என் அளவுக்கு இல்லை. அவர் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: வேலை செய்யலாமா? தூசு இல்லாத இடத்தில் தாராளமாகச் செய்யலாம் என்றார்.

திரும்பி வந்து காரைவிட்டு இறங்கும்போது, பால் முக்குகிற தொட்டிக்குத் தன்னை மாற்றிவிடச் சொன்னார் அக்கா. கட்டைகளைப் பளபளப்புக்காக, பால் மாதிரி இருக்கிற கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. ஈர வேலை, தூசு இல்லை.

ஏப்ரல் 11

குழாய் வைத்தாயிற்று. ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் ஒரு கூம்பு, எல்லாம் போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு பெரிய பை. முதல் நாள் பை கிழிந்தது. இரண்டாம் முறை தாங்கிவிட்டது. தேய்க்கிறவர்களுக்கு நல்ல முகமூடியும் வாங்கியாயிற்று. பக்கத்து யூனிட் தங்கராசு வந்து பார்த்துவிட்டு, அவர் இடத்துக்கும் ஒன்று செய்துதரச் சொல்லி கிளமெண்டைக் கேட்டிருக்கிறார்.

நான் உள்ளே போவதில்லை. இருமல் குறைந்திருக்கிறது. போய்விடவில்லை.

ஏப்ரல் 22

வேல்விழி மறுபடியும் தேய்ப்பில். தூசு உறிஞ்சுகிற மெஷின் போடும் இரைச்சலில் ஒன்றும் பேச முடியவில்லை என்று கிளமெண்டிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம்.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்து தலைத்துணியை அவிழ்த்தாள். சொர்ணாம்பாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து அதை வாங்கி விரித்தார்.

"நீலமாடி இது?"

"நீதான வாங்கிக் குடுத்த, அத்தை."

அக்கா துணியை உதறினார். ஒன்றும் கொட்டவில்லை. இன்னொரு தடவை உதறிப் பார்த்தார்.