பக்கத்து வீடு இல்லாத மாளிகை

அக்கா,

புத்தகம் திரும்பி வந்துவிட்டது. உங்கள் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த உங்கள் மகள், "இது உங்களுதுதானே ஆன்ட்டி" என்று கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்தால் பாச்சை உருண்டை வாசனை, அதற்கு அடியில் லேசாக இறால் கவுச்சி. ஊருக்குப் போகும்போது ரயிலில் படிக்கலாம் என்று செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய மொழிபெயர்ப்பு நாவல் அது. அதில் இறால் வாசனை எப்படி ஏறியது என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

உங்களுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்த வருஷம். "எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுது. நீ படி, நான் கேக்கறேன்" என்றீர்கள். கோவளத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்கட்டில் நீங்கள் இறால் உரிப்பீர்கள், நான் படிப்பேன். அட்டையில் இருந்த மாளிகைப் படத்தைப் பார்க்கவேண்டும் என்று ஈரக் கையோடு வாங்கிவிடுவீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து, வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்து சேர்ந்த எனக்கு, இந்த ஊரில் முதலில் கிடைத்த மனுஷி நீங்கள்தான்.

கதை இதுதான். கடலோரக் குன்றின்மேல் ஒரு கல் மாளிகை. அங்கே ஒரு பிரபு, அவன் தாய் பெரிய சீமாட்டி, புதிதாகக் கல்யாணமாகி வந்த ஏழைப் பெண் எலினா. குளிர்காலம் வந்தால் பிரபு காணாமல் போவான். வேட்டைக்குப் போயிருக்கிறான் என்பாள் தாய். அவனோ மாடியறையில்தான் இருப்பான், புத்தி கலங்கி, சுவரோடு பேசிக்கொண்டு. சாவி தாயின் இடுப்பில். கணவனுக்கு வேறு எவளோ இருக்கிறாள் என்று எலினா கீழே உருகிக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பிரபுவை ரொம்பப் பிடித்திருந்தது. குதிரை, நீண்ட அங்கி, எதையும் சொல்லாத வாய். அவன் வரும் இடங்களில் என் குரல் மாறுகிறது என்று நீங்கள் கேலி செய்தீர்கள். உங்களுக்கோ அவனைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. உங்கள் கவலை வேறு.

"இந்தப் பொண்ணுக்கு மாமன், சித்தப்பன்னு யாருமே இல்லியா? கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிக்கமாட்டாங்க?"

"அங்கே அக்கம்பக்கமே கிடையாது அக்கா. சுற்றிலும் பாறையும் காடும்தான்."

"அதான் பாரு. பக்கத்து வூடே இல்லாத வூட்ல பொண்ண குடுத்தா பேயும் வரும், பிசாசும் வரும்."

சிரித்தேன். ஆனால் நம் பக்கத்து வழக்கத்தில் கதையையே நிறுத்திவிடக்கூடிய கேள்வி அது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு வருவார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பையன் எப்படி?" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "தங்கமான பையன்" என்பார். நாளைக்கு நமக்கும் ஒருவர் சொல்லவேண்டுமே, மொய் எழுதுகிற மாதிரி.

சீமாட்டி எலினாவிடம் மறுபடியும் பொய் சொன்ன இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு அவளை ராட்சசி என்று திட்டினேன். நீங்கள் உரிப்பதை நிறுத்தினீர்கள்.

"ராட்சசி இல்லம்மா. பயந்துகினு கீறா. புள்ளைய எவனும் பைத்தியம்னு சொல்லிடக்கூடாதுன்னு பயம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரியாஸைப் பற்றித் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். காலேஜில் படிக்கும்போது உங்கள் மகன் தூக்கமில்லாமல் கடற்கரையிலேயே திரிந்தது, கேட்காத குரலெல்லாம் கேட்கிறது என்றது, நல்ல டாக்டர் கிடைத்துத் தேறியது. நிறுத்தாமல் மாத்திரை சாப்பிடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் வேலை கிடைத்து, ஷிப்ட் பஸ்ஸில் ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடித்துவிட முடியாது.

கடைசி அத்தியாயத்தில் எலினா மாடியறைக் கதவைத் திறந்துவிடுகிறாள். மனைவி தன்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாளே என்ற அவமானத்தில் பிரபு ஓடிப்போய்க் கடலில் விழுகிறான். அதன்பிறகு மாமியாரும் மருமகளும் அந்த மாளிகையிலேயே, ஒரே மேசையில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதோடு கதை முடிகிறது.

"ரெண்டு பேருக்கும் அவன் மேலதான் உசுரு. ஒருத்திக்கொருத்தி ஒரு வார்த்த பேசல பாரு" என்றீர்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். படாளத்திலிருந்து ரியாஸுக்கு ஒரு சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்த சமயம்.

"உன்னக் கேக்க வருவாங்க. மாத்திர விஷயத்தச் சொல்லிடு."

நான் மறுத்தேன். உங்கள் பிள்ளை, நீங்களே சொல்லுங்கள் என்று சண்டையே போட்டேன்.

"நான் சொன்னா, பெத்தவளே சொல்றான்னா இன்னும் எவ்ளோ கீதோன்னு நெனப்பாங்க. நீ சொன்னா உள்ள அளவுதான் போய்ச் சேரும்."

பெண்ணின் மாமா வந்தார். சொன்னேன். என்ன வியாதி, என்ன மருந்து, இப்போது எப்படி இருக்கிறான் எல்லாம். அவர் நன்றி சொல்லி எழுந்தார். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, உள்ளே நுழையாமலே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். சாயங்காலம் ரியாஸ் என் வாசலில் வந்து நின்றான். "அம்மா சொல்லச் சொன்னா நீங்க சொல்லிடுவீங்களா?" என்று கேட்டான். அதோடு என்னிடம் பேச்சு நின்றுபோனது. உங்களிடமும்தான். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது அக்கா. ஒரு கதைப் புத்தகத்தைக் கேட்டுவிட்டுப் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டீர்களே என்று நினைத்தேன், ஒருநாள் சொல்லியும்விட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "பேசலன்னா போறான். தூங்கறான் இல்ல? மாத்திர போடறான் இல்ல?" என்றீர்கள். ஆனாலும் அவன் வரும் நேரத்துக்கு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அவன் உங்களிடம் பழையபடி பேசத் தொடங்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து சில வாரங்கள் இருக்கும். ரியாஸ் வந்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை. செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"மதுராந்தகத்துலேர்ந்து வராங்க ஆன்ட்டி. உங்களக் கேப்பாங்க."

"சரிப்பா."

"அம்மா இன்னா சொல்லச் சொன்னாங்களோ, அதையே சொல்லிடுங்க."

தலையை ஆட்டினேன்.

இன்று காலை வந்தார்கள். இந்தத் தடவை மாமா இல்லை, பெண்ணின் அம்மாவே வந்திருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அன்றைக்கு மாதிரி அவசர அவசரமாக இல்லை. நீங்கள் எப்படி அவனைப் பார்த்துக்கொண்டீர்கள், அவனே எப்படித் தன்னைப் பார்த்துக்கொள்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா குடுப்பீங்களா?"

எனக்கு ஒரே பையன், அவனும் வெளியூரில் படிக்கிறான். சுலபமாக "கொடுப்பேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சட்டென்று சொல்ல மனம் வரவில்லை. யோசித்தேன். "யாரும் சொல்லாமல் பின்னால் தெரிந்திருந்தால் கொடுத்ததற்கு அழுவேன். இப்படி முன்னாலேயே தெரிந்தால், பெண்ணையும் கேட்டுவிட்டுக் கொடுப்பேன்" என்றேன். அதுதான் என் மனதில் இருந்த உண்மை.

அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "பையன் வூட்ல கீறாரா? ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

நான் போய் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். ரியாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தான். போய்விட்டார்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான் போல, என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்னப் பார்க்கணுமாம்" என்றேன்.

"சொன்னப்புறமுமா?"

"சொன்னப்புறம்தான்."

அந்த "சொன்னப்புறமுமா"வை அவன் கேட்ட குரல் காதை விட்டுப் போகவில்லை. பத்து வயதுப் பையனின் குரல் அது. பெண் வீட்டாரின் பதில் எதுவாகவும் இருக்கட்டும். உங்களுக்கு வரவேண்டிய குரல் என்னிடம் வந்திருக்கிறது அக்கா, அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.